மறைந்த ஏரிக்கு ஒரு சாட்சி

முதலாம் பானிபட்டுப் போர் நடந்த ஆண்டு எது என்று பள்ளிப் பிள்ளையைக் கேளுங்கள். 1526 என்று பட்டென்று பதில் வரும். அக்பரின் தகப்பன் பெயரைக் கேளுங்கள், பாட்டன் பெயரைக் கேளுங்கள், அதுவும் வரும். "தம்பி, உன் ஊரில் எத்தனை ஏரி இருந்தது? ஊற்றுக்கால் எந்த வழியாக ஓடியது? உன் பாட்டன் சந்தைக்கு எந்த வண்டிப்பாதையில் போனான்?" என்று கேட்டுப் பாருங்கள். விழிப்பான்!

பிள்ளையின்மீது பழியில்லை. டில்லியில் யார் யாரைக் கவிழ்த்தான் என்பதை அச்சிட்டுக் கையில் கொடுத்தோம். ஆம்பூருக்கு அப்பால் உள்ள சிற்றூரில் யார் ஏரி வெட்டினான், யார் கழனி உழுதான் என்பதை அச்சிட்டுக் கொடுத்தோமா? மன்னனுக்கு வரலாறு உண்டு. மண் சுமந்தவனுக்கு இல்லை என்று எண்ணியே பழகிவிட்டோம்.

ஆனால் தோழர்களே, அந்த வரலாறு அச்சாகித்தான் இருக்கிறது! எழுத்தாக அல்ல, கோடாக. நம் ஊர் ஏரியும், கிணறும், கோயிலும், மசூதியும், வண்டிப்பாதையும் வண்ணம் தீட்டி அச்சான தாள்கள் பல பத்தாண்டுகளாக இருந்து வருகின்றன. சர்வே படம் என்று சொல்கிறோமே, அந்தப் பழைய படம்தான்! அதைக் கையில் எடுக்க வேண்டியவர் யார் என்பதே இன்று என் பேச்சு.

சில திங்களுக்கு முன் பாலாற்றங்கரைச் சிற்றூர் ஒன்றின் படிப்பகத்தில் அப்படி ஒரு தாளை விரித்து வைத்தோம். இளைஞர்கள் சூழ்ந்து நின்றார்கள். தோல் ஷாப்பில் நாற்பதாண்டு சுண்ணாம்புக் குழியில் நின்று உழைத்த பெரியவர் ஒருவரும் வந்து உட்கார்ந்தார். எழுத்து அறியாதவர். ரெயில் பாதையைக் காட்டினோம், ஆற்றைக் காட்டினோம். அவ்வளவுதான்! அவர் விரல் தானாக நகர்ந்தது. ஊருக்கு மேற்கே ஒரு நீலத் திட்டில் நின்றது.

"இன்னா தம்பி, இது நம்ம ஏரி இல்ல?"

இளைஞர்கள் சிரித்தார்கள். "அங்கே ஏது ஏரி, தாத்தா? அது வீட்டுமனை ஆயிற்றே!" என்றார்கள்.

"இருந்திச்சுடா. எங்கப்பன் ஆவாரம்பட்டை மூட்டைய அந்தக் கரையிலதான் இறக்கி வச்சிட்டுத் தண்ணி குடிக்கும். சொன்னா யார் நம்பறீங்க? இந்தத் தாளு சொல்லுது பாரு!"

சிரிப்பு நின்றது. படிப்பகத்தில் ஒரு நொடி பேச்சில்லை. கிழவர் உளறுகிறார் என்று இத்தனை நாள் ஒதுக்கி வைத்த சொல்லுக்கு, அன்றுதான் ஒரு சாட்சி வந்து நின்றது.

வரைந்தவன் யார்? எதற்காக?

இந்தப் படங்களை நமக்காக ஒருவனும் வரையவில்லை. அதை முதலில் உணர்ந்துகொள்ள வேண்டும்.

இந்திய நில அளவைத் துறை தன் பிறப்பாண்டாகச் சொல்வது 1767. அதே 1767இல்தான் ஐதர் அலியின் படை ஆம்பூர் மலைக்கோட்டையை முற்றுகையிட்டு நின்றது. அதற்குப் பதினெட்டு ஆண்டுகளுக்கு முன், 1749 ஆகஸ்டு 3ஆம் நாள், அதே ஆம்பூரில் நடந்த போரில் ஆற்காட்டு நவாபு அன்வருதீன்கான் கொல்லப்பட்டு வீழ்ந்தார். மலைகளுக்கு இடையே கிடக்கும் இந்தப் பள்ளத்தாக்கு, மைசூர் மேட்டிலிருந்து கருநாடகச் சமவெளிக்கு இறங்கும் வாசல். படை நடத்துகிறவனுக்கு வாசலின் அளவு தெரிந்தாக வேண்டும். கணவாய் எங்கே, குடிநீர் எங்கே, பீரங்கி போகும் பாதை எது? படம் வேண்டியது அதற்காக.

1792இல் திப்புவிடமிருந்து திருப்பத்தூர்ப் பகுதி உள்ளிட்ட பாராமகால் கும்பெனியின் கைக்கு வந்தது. அலெக்சாந்தர் ரீடு மேலாளராக வந்தார். பின்னாளில் சென்னைக் கவர்னரான தாமஸ் மன்றோ அவருக்கு உதவியாளர். நிலத்தை அளந்தார்கள். எதற்கு? வரிக்கு! 1794இல் சென்னையில் நில அளவைப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார்கள். இன்றைய கிண்டிப் பொறியியல் கல்லூரிக்கு அதுவே வேர். 1802 ஏப்ரல் 10ஆம் நாள், பரங்கிமலைக்கு அருகே வில்லியம் லாம்டன் நூறடி நீள எஃகுச் சங்கிலியைத் தரையில் கிடத்தி ஏழரை மைலுக்கு மேல் ஒரு நேர்க்கோட்டை அளந்தார். இந்தியா முழுவதையும் முக்கோணங்களால் அளந்த பெரும்பணிக்கு அதுவே தொடக்கம். அவருடைய கோணமானி ஒன்றின் கனம் மட்டும் அரை டன்.

அரை டன்! அதை வெயிலில் மலைமேல் தூக்கிச் சென்றது யார்? சங்கிலி பிடித்தது யார்? முள்ளை வெட்டி வழி செய்தது யார்? கூலியாள்! அளந்தவர் பெயர் கல்லில் இருக்கிறது; சுமந்தவர் பெயர் எங்கும் இல்லை.

ஆக, படைக்கும் வரிக்கும் பிறந்த படம் இது. ஆனாலும் ஒன்று சொல்வேன். எதிரியின் கணக்குப் புத்தகத்தில் நம் வீட்டுப் பாத்திரங்களின் பட்டியல் இருந்தால், அதைக் கிழித்தெறிவோமா, எடுத்துப் படிப்போமா? படிக்கத்தான் வேண்டும்!

படிப்பது கடினமா?

இல்லை. தோல் தட்டியே எந்தத் தோல் எந்தத் தரம் என்று சொல்லும் கைக்கு, இந்தத் தாள் ஒரு பெரிய வித்தையன்று.

1905க்குப் பின் புதிதாக அளந்து வண்ணத்தில் அச்சிட்ட தாள்களில், ஓர் அங்குலம் ஒரு மைல். ஒரு தாளின் உயரம் ஏறத்தாழ 17 அங்குலம். அதாவது தெற்கு வடக்காக 17 மைல் நிலம் உங்கள் மேசைமேல் கிடக்கிறது. ஒரு நூலை வண்டிப்பாதையின்மேல் வளைத்து வைத்து, பிறகு அங்குலக்கோலில் நீட்டுங்கள். பாட்டன் நடந்த தூரம் தெரிந்துவிடும். 1950களுக்குப் பின் மெட்ரிக் கணக்கு வந்தது; அந்தத் தாள்களில் இரண்டு செண்டிமீட்டர் ஒரு கிலோமீட்டர்.

தாளின் எண்ணும் எளிது. நம் வட்டாரம் 57 என்ற எண்ணுக்குள் அடங்கும். அந்த 57ஐ ஆங்கில எழுத்து வரிசையில் பதினாறாகப் பிரித்திருக்கிறார்கள். ஆம்பூரும் வாணியம்பாடியும் பன்னிரண்டாம் எழுத்தில். வேலூரும் இராணிப்பேட்டையும் பதினாறாம் எழுத்தில். அதற்குள் மறுபடி பதினாறு தாள்கள். 2005ஆம் ஆண்டு வரைபடக் கொள்கைக்குப் பின் வந்த புதுத் தாள்களுக்கு வேறு எண்முறை. பழைய தாளைத் தேடுகிறவன் இந்த 57ஐ மறக்கக்கூடாது.

நீலம் நீர். பச்சை மரமும் காடும். மஞ்சள் உழுத நிலம். சிவப்பு சாலையும் குடியிருப்பும். பழுப்புநிறக் கோடுகள் மேட்டையும் பள்ளத்தையும் சொல்லும். கோடு நெருங்கினால் செங்குத்து, விலகினால் சமவெளி. சிறு நீலப் புள்ளி கிணறு. ஏரிக்கரைக் கோட்டை ஒட்டி ஓர் எண்ணும் பக்கத்தில் 'ஆர்' என்ற ஆங்கில எழுத்தும் இருந்தால், அது அந்தக் கரையின் உயரம். கவனியுங்கள்! அன்று கரை எவ்வளவு உயரம் என்று தாள் சொல்கிறது. இன்று எவ்வளவு என்று நீங்கள் போய் அளந்துவிடலாம். இடையில் கரைந்த மண் எவன் லாரியில் போயிற்று என்பதை ஊரே சொல்லும்!

நம் வட்டாரத்தைத் தாளில் பார்த்தால்...

தாளை விரித்தவுடன் கண்ணில் படுவது பாலாறு. நூலளவு நீலமும் அகன்ற மணல் புள்ளிகளுமாகக் கிடக்கும். நந்திமலைப் பக்கம் பிறந்து, 348 கிலோமீட்டர் ஓடி, அதில் 222 கிலோமீட்டர் தமிழ்நாட்டில் நடக்கும் ஆறு இது. மேலே தண்ணீர் காணாவிட்டாலும் மணலுக்கடியில் ஓடும். மணலைத் தோண்டி அந்த ஊற்றைக் கால்வாயில் இழுத்து வயலுக்குக் கொண்டுபோனார்கள் நம் முன்னோர், அதுவே ஊற்றுக்கால். அதே ஆறு சீறியதும் உண்டு; 1903 நவம்பர் வெள்ளம் வாணியம்பாடியைச் சூறையாடிற்று.

ஆற்றோடு கூடவே ஓடுவது ரெயில் பாதை. தென்னாட்டின் முதல் பயணி ரெயில் 1856 சூலை 1ஆம் நாள் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை வந்தது. பின்னர் பாதை மேற்கே நீண்டு ஆம்பூர், வாணியம்பாடி, சோலையார்பேட்டை என்று போயிற்று. இப்போது தாளில் மூன்றையும் சேர்த்துப் பாருங்கள்: பக்கத்தில் ஆறு, பக்கத்தில் ரெயில், சுற்றிலும் ஆவாரை முளைக்கும் புன்செய்க் காடு. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதனிட்டுச் சென்னைத் துறைமுகத்துக்கு ஏற்றிய தொழில் ஏன் இங்கே வேர் பிடித்தது என்பதை எந்தப் பேராசிரியரும் வந்து விளக்க வேண்டியதில்லை. தாள் சொல்கிறது!

இன்னொரு வேடிக்கை. 1911க்கு முந்தைய படத்தில் திருப்பத்தூர் வட்டம் சேலம் மாவட்டத்தில் இருக்கும், வாணியம்பாடியும் அதோடுதான். பிறகு வட ஆற்காடு. பிறகு வேலூர். 2019 நவம்பரில் வேலூரும் மூன்றாயிற்று. ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்தில், பேரணாம்பட்டு வேலூர் மாவட்டத்தில். கோடு நகர்ந்துகொண்டே இருக்கிறது, ஊர் நகரவில்லை. எல்லைக் கோட்டுக்காகச் சண்டையிடுகிற தோழர்கள் இதைச் சற்று எண்ணிப் பார்க்கட்டும்.

இரண்டு தாள், ஒரு கேள்வி

பழைய தாளையும் புதிய தாளையும் அருகருகே வையுங்கள். இங்கேதான் விளையாட்டு முடிந்து வழக்குத் தொடங்குகிறது.

கிணறு வெட்டிய உழவன் மாடு பூட்டிக் கவலை இறைத்த காலத்தில், நீரை மேலே கொண்டுவந்த சாலே தோலால் ஆனது. தோல் கிணற்றுக்குத் துணையாக இருந்தது! பட்டையில் பதனிட்ட காலத்திலும் நாற்றம் இருந்தது, கழிவு இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் 1972இல் சீதாராமையா குழு, பதனிட்ட தோலாக அன்றி முடித்த தோலாக, பொருளாக ஏற்றுமதி செய்யும் வழியைக் காட்டிற்று. அந்த வழியில் அரசு நடந்தது. தொழில் பெருகிற்று, டாலர் வந்தது. கூடவே குரோமும் இரசாயனமும் பெருகின. வந்த டாலர் ஒரு பக்கம் போயிற்று; வந்த நஞ்சு கிணற்றுக்குப் போயிற்று.

வேலூர் மக்கள் அமைப்பு ஒன்று தொடர்ந்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு கிலோ தோலுக்கு ஏறத்தாழ 35 லிட்டர் நீர் செலவாகிறது என்றும், சுமார் 35,000 எக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிருக்கு உதவாமல் போயிற்று என்றும் அந்தத் தீர்ப்பு பதிவு செய்கிறது. கெடுத்தவனே ஈடு கொடுக்க வேண்டும் என்ற நெறி இந்திய நாட்டுச் சட்டத்தில் நிலைபெற்றது நம் பாலாற்றங்கரை வழக்கால்தான். அதன்பின் ஆண்டுகள் உருண்டன. 2025 சனவரி 30ஆம் நாள் அதே உச்ச நீதிமன்றம் மீண்டும் பேச வேண்டியிருந்தது: ஈட்டுத் தொகை கொடுபட வேண்டும், கெடுத்தவரிடமிருந்து அது வசூலாக வேண்டும், கண்காணிக்கக் குழு வேண்டும் என்று!

முப்பதாண்டுக்கு மேலாகியும் முடியாத வழக்கில், "இங்கே நல்ல கிணறு இருந்ததா? ஏரி இருந்ததா? நஞ்சை இருந்ததா?" என்ற கேள்வி எழும்போது பதில் சொல்ல வேண்டியவர் யார்? கிழவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். தாள் இருக்கிறது!

வெறும் பேச்சாகச் சொல்லவில்லை. அரசின் ஆணையால் ஆக்கப்பட்ட படத்தைச் சரியானதென்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ள வேண்டும், தவறென்று சொல்பவன் அதை மெய்ப்பிக்க வேண்டும் என்பது 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 83ஆம் பிரிவு. 2024 சூலை 1 முதல் நடப்பில் உள்ள புதுச் சட்டமும் அந்த விதியைக் கைவிடவில்லை. ஏரிகளின் ஆக்கிரமிப்பை அகற்றத் தமிழ்நாட்டில் 2007இல் தனிச் சட்டமே வந்தது. சட்டம் இருக்கிறது, சாட்சி இருக்கிறது. அழைத்து வந்து கூண்டில் நிறுத்த ஆள்தான் வேண்டும்.

தாள் சொல்லாதவை

தாளைத் தெய்வமாக்கிவிடாதீர்கள். நாம் கும்பிடப் பிறந்தவர்கள் அல்லர். கேள்வி கேட்கப் பிறந்தவர்கள்.

தாளில் அச்சிட்ட ஆண்டு வேறு, அளந்த ஆண்டு வேறு. அளந்த ஆண்டே உண்மையான ஆண்டு. அதைத் தாளின் ஓரத்தில் பாருங்கள். படத்தில் இருப்பது அளக்க வந்தவன் கண்ட நாளின் நிலை. ஆண்டு முழுவதும் ஏரி தளும்பிற்று என்று அதற்குப் பொருள் இல்லை. படம் பட்டாவும் ஆகாது. பக்கத்து வீட்டுக்காரனோடு வரப்புச் சண்டைக்கு இதைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். அதற்குப் புலப்படம் வேறு இருக்கிறது.

அதைவிடப் பெரிய குறை ஒன்று. தாளில் கிணறு உண்டு. அந்தக் கிணற்றில் யார் நீர் எடுக்கலாம், யார் எடுக்கக்கூடாது என்பது உண்டா? பாதை உண்டு, அதில் யார் செருப்புப் போட்டு நடக்கலாம் என்பது உண்டா? ஊரும் சேரியும் ஒரே சிவப்புப் புள்ளியாகத் தெரியலாம். நடுவில் இருந்த தூரத்தை எந்தச் சங்கிலியாலும் அளக்கவில்லை! அதைத் தாளில் தேடிப் பயனில்லை. சேரியில் பிறந்த கிழவியிடம்தான் கேட்க வேண்டும். தாளும் வேண்டும், கிழவியும் வேண்டும். ஒன்றை விட்டு ஒன்று அரைச் சாட்சி.

இன்னொன்றையும் இங்கே சொல்லாவிட்டால் நான் நேர்மையற்றவன் ஆவேன். கிணற்றைக் கெடுத்தது தோல் என்றவுடன், தோல் தொழிலாளியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடப் பார்க்கிறார்கள் சிலர். அவன் வீட்டுக் கிணறும் சேர்ந்துதானே கெட்டது! 2015 சனவரி 31ஆம் நாள் இராணிப்பேட்டையில் தோல் கழிவுத் தொட்டியின் சுவர் உடைந்து, உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் உட்படப் பத்துப் பேர் அந்தச் சேற்றிலேயே மாண்டார்களே, அவர்களா ஆற்றைக் கெடுத்தவர்கள்? உழவனும் தொழிலாளியும் ஒரே கிணற்றில் குடித்தவர்கள். அவர்களை மோதவிட்டு வேடிக்கை பார்ப்பதற்கு இந்தப் படம் பயன்படக்கூடாது. ஒரே மேசையில் இருவரும் உட்கார்ந்து பார்ப்பதற்கே பயன்பட வேண்டும்.

என்ன செய்யலாம்?

முன்பு கிராமப் படம் கர்ணத்தின் பெட்டியில் இருக்கும். பெட்டியின் சாவி அவர் பூணூலிலோ இடுப்பிலோ இருக்கும். ஏழை கேட்டால், "உனக்கு எதுக்குடா அது?" என்பதே பதில். 1980இல் பரம்பரைக் கர்ணம் பதவி ஒழிந்தது. இன்று புலப்படத்தையும் 'அ' பதிவேட்டையும் அரசின் இணையதளத்தில் எவரும் பார்க்கலாம். நில அளவைத் துறையும் தன் 250ஆம் ஆண்டான 2017இல் தன் படங்களை இணையத்தில் இலவசமாக எடுத்துக்கொள்ள வழி திறந்தது. 1950களில் அமெரிக்கப் படைத்துறை அச்சிட்ட இந்தியப் படங்களை டெக்சாசுப் பல்கலைக்கழக நூலகம் இலவசமாகவே இணையத்தில் வைத்திருக்கிறது. அவை சிறிய அளவு, என்றாலும் பெரிய ஏரிகளும் பாதைகளும் தெரியும். பழைய அங்குலத் தாளுக்கு நூலகங்களையும் கல்லூரி நிலவியல் துறைகளையும் நாடுங்கள். சாவி நம் கையில் வந்துவிட்டது. பூட்டைத் திறக்காமல் இருந்தால் குற்றம் நம்முடையது.

ஒவ்வொரு படிப்பகமும் தன் ஊர்த் தாளைத் தேடிப் பெறட்டும். பெரிதாக்கிச் சுவரில் ஒட்டட்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் பெரியவர்களை அழைத்து உட்கார வைக்கட்டும்; பெண்களை மறந்துவிடாதீர்கள், தண்ணீர் சுமந்தவர்கள் அவர்கள், எந்தக் கிணறு எந்த ஆண்டு உப்பாயிற்று என்பது அவர்களுக்குத்தான் தெரியும். நான்கு இளைஞர்கள் தாளோடு நடந்து போய், ஏரி, கிணறு, கால்வாய், பாதை, இடுகாடு என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். இருக்கிறதா, இல்லையா, இருந்தால் யார் கையில்? ஒரு நோட்டில் நாள் குறித்து எழுதி, சொன்னவர் கையொப்பமோ கைநாட்டோ வாங்குங்கள். இது பெரும்படிப்பு வேண்டாத வேலை. காலும் கண்ணும் நேர்மையும் போதும்.

அந்தப் படிப்பகத்துக்குப் போன வாரம் மறுபடி போயிருந்தேன். தாள் சுவரில் ஏறிவிட்டது. அன்று சிரித்த அதே இளைஞர்கள் ஊரைச் சுற்றி வந்து, 23 நீலப் புள்ளிகளில் பதினொன்றை மட்டும் கண்டுபிடித்திருக்கிறார்கள். மீதி பன்னிரண்டு கிணறு எங்கே என்ற கேள்வியை மனுவாக எழுதிக்கொண்டிருந்தார்கள். பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு கிணற்றின் பெயரையும் சொல்லிக்கொண்டிருந்தார். தாளில் வெறும் புள்ளி. அவர் வாயில் அதற்குப் பெயர் இருந்தது.

"எழுதிக்கோ தம்பி, எழுதிக்கோ. நான் போய்ட்டா யார் சொல்லுவா?" என்றார்.

எழுதிக்கொள்ளுங்கள், தோழர்களே. உங்கள் ஊரிலும் அப்படி ஒருவர் இன்னும் இருக்கிறார். அவர் இருக்கும்போதே தாளை எடுத்துக்கொண்டு போங்கள்.